பழைய காகிதம் பாக்கப் போனோம்: அத்தையும் நானும், பாண்டியிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும்

ஜனவரி 21, செவ்வாய் – பாண்டிச்சேரி

பஸ் எங்கள எறக்கி விட்டப்ப காலைல அஞ்சரை, தை மாசப் பனி தலைல சொட்டுது, அத்தை சால்வைய காதோட சுத்திக்கிட்டு வாயத் தொறந்து கேட்ட மொத கேள்வி, "அந்தப் பிள்ளை ஊடு இங்கிருந்து எவ்வளவு தொலவு கண்ணு?"

அத்தையப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். அப்பாவுக்கு மூத்தவங்க, வயசு 68, தாராபுரம் பக்கம் எங்க கிராமத்துலயே இருக்காங்க, படிச்சது எட்டாவது. ஆனா கிளை நூலகத்துல அவங்க எடுத்துப் படிக்காத நாவல் கம்மி. சில வருசம் முன்ன பிரபஞ்சனோட 'மானுடம் வெல்லும்' படிச்சாங்க, அடுத்து 'வானம் வசப்படும்', அது 1995ல சாகித்ய அகாதமி வாங்குன நாவல். ரெண்டும் பதினெட்டாம் நூற்றாண்டு பாண்டிச்சேரி. ரெண்டுக்கும் வேர் ஆனந்தரங்கப் பிள்ளைங்கிறவர் 1736லேர்ந்து 1761 வரைக்கும் இருபத்தஞ்சு வருசமா எழுதி வச்ச நாட்குறிப்பு. கதைல வந்த ஆளு நெசமாவே இருந்தவர்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து அத்தைக்கு அந்த வீட்டப் பாத்தே ஆகணும். பொங்கல் முடிஞ்சு எனக்கு லீவு கெடச்சுது. பாண்டியோட நிறுத்தாம, பழைய ஏடும் காகிதமும் காப்பாத்தி வச்சிருக்கிற ஊரா பாத்துப் போயிட்டு வரலாம்னு நான்தான் நீட்டிக்கிட்டேன்.

மார்க்கெட் பக்கத்துல ஒரு சின்ன கடைல இட்லி, நாலு இட்லி 40 ரூவா, தேங்கா சட்னில கொஞ்சம் இஞ்சி வாசம். பரிமாறுன அக்கா அத்தைக்குக் கேக்காமலே சுடுதண்ணி கொண்டாந்து வச்சாங்க. அங்கேர்ந்து ரங்கப் பிள்ளை வீதி நடந்தே போற தூரம்தான். உள்ள போக நாங்க யார்கிட்டயும் முன்கூட்டியே பேசி வைக்கல, அதனால வீட்ட வெளிய நின்னுதான் பாத்தோம். சுத்தி கடை, வண்டி, ஹாரன், பூ விக்கிறவங்க சத்தம். அத்தை பத்து நிமிசம் அசையல. "இந்தத் திண்ணைப் பக்கமாத்தான பல்லக்கு வந்து நின்னிருக்கும்"னு சொன்னாங்க. திண்ணை இருந்துச்சா இல்லையாங்கிறது வேற விசயம், அவங்க மனசுல பல்லக்கு நின்னுடுச்சு.

பாண்டில ஆராய்ச்சி பண்ற எங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி மத்தியானம் கடற்கரைக்கு வந்தா. நாட்குறிப்போட தமிழ்ப் பதிப்புல ஒரு தொகுதிய பைல போட்டுக்கிட்டு வந்திருந்தா, அதுக்கே அவளுக்கு ஒரு கும்பிடு. கப்பல் எப்ப வந்துது, அதுல என்ன சரக்கு, யாருக்கு எத்தன பீரங்கி வேட்டு போட்டாங்க, கவர்னர் டூப்ளே இன்னைக்கு என்ன மூஞ்சியோட இருந்தார், ஊர்ல யாரப் பத்தி என்ன பேச்சுன்னு எல்லாமே இருக்கு. 1747லேர்ந்து பிள்ளைதான் டூப்ளேக்குத் தலைமை துபாஷி, அதாவது மொழிபெயர்த்துச் சொல்றவர், அதனால அவர் காதுக்கு வராத சேதி இல்ல. தேதி தமிழ் வருசம், தமிழ் மாசம், கிழமை, நாழிகைக் கணக்குல. அத்தை சத்தமா ரெண்டு பக்கம் வாசிச்சாங்க, வாய்ல தடையில்லாம வருது, ஏன்னா மனுசன் எழுதுனது இலக்கியத் தமிழ் இல்ல, பேசுற மாதிரியே எழுதியிருக்கார். "இது எங்க அய்யன் கணக்கு நோட்டு மாதிரியே இருக்குது"ன்னு அத்தை சொன்னப்ப நான் பெருசா காதுல வாங்கிக்கல. கடைசி நாள்ல அந்த வார்த்தை திரும்பி வந்துச்சு, அத அப்புறம் சொல்றேன்.

1761 ஜனவரி 12ஆம் தேதி பிள்ளை செத்துப்போறார், நாலே நாள்ல, 16ஆம் தேதி, ஊர் இங்கிலீஷ்காரங்க கைக்குப் போயிடுது. நாங்க நின்னதும் அதே தை மாசம்தான், அதே கடல்தான் முன்னாடி. நாட்குறிப்பு அப்புறம் ரொம்ப காலம் வீட்டுக்குள்ளயே கெடந்துருக்கு. 1846ல கல்வா மோன்ப்ரோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணுல பட்டு நகல் எடுக்க வச்சார். மெட்ராஸ் அரசாங்கம் 1904லேர்ந்து 1928க்குள்ள 12 தொகுதியா இங்கிலீஷ்ல போட்டுது. அப்புறம்தான் நாவல், அதுலேர்ந்து எங்க அத்தை. ஒரு நகல் எடுக்காம விட்டிருந்தா இந்த சங்கிலி அறுந்துருக்கும்ல?

அந்தப் பொண்ணு இன்னொண்ணும் காட்டுனா, மொபைல்ல. பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம்னு 1955லேர்ந்து பாண்டில இருக்கே, யுனெஸ்கோ 2005ல உலக நினைவுப் பட்டியல்ல சேத்த சைவச் சுவடிகள்ல பெரும்பகுதிய வச்சிருக்கிற எடம், அவங்க தமிழ்நாட்டு பழைய போட்டோ ஸ்டுடியோ படங்களயும் தேடித்தேடி ஸ்கேன் பண்ணியிருக்காங்க, பிரிட்டிஷ் லைப்ரரியோட திட்டத்துல. 1880லேர்ந்து 1980 வரைக்கும் உள்ள படங்கள். திரைச்சீலைல வரைஞ்ச மாளிகை, அதுக்கு முன்னாடி வெறைப்பா நிக்கிற புதுமாப்பிள, நாற்காலி நுனில ஒக்காந்த பாட்டி, காலுக்கு ஸ்டூல் போட்டு நிக்க வச்ச கொழந்த. எந்த ராஜாவும் இல்ல, எல்லாம் நம்ம வீட்டுச் சனம். இப்ப கல்யாண போட்டோக்காரங்க பழைய ஸ்டுடியோ மாதிரி சீலை கட்டி படம் எடுக்கறாங்களே, அத நெனச்சுக்கிட்டேன். அத்தை ஒவ்வொரு படமா தள்ளித் தள்ளி, ஒரு பாட்டியோட காத பெருசாக்கிப் பாத்து, "தண்டட்டி போட்டிருக்காங்க பாரு, எத்தன எடை தெரியுமா அது"ன்னாங்க.

ராத்திரி பேக்கரில நீட்டு ரொட்டி ஒண்ணு வாங்கி சூப்போட சாப்ட்டோம். அத்தைக்குப் பிடிக்கல, பாதிய பால்ல நனைச்சு முடிச்சாங்க.

ஜனவரி 22, புதன் – தரங்கம்பாடி

கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியா பஸ். சிதம்பரம் தாண்டி ரோட்டோரம் பூரா அறுப்பு. மெஷின் ஓடுது, வைக்கோல் வாசம் ஜன்னல் வழியா வருது, ஒரு எடத்துல பாதி ரோட்டுல நெல்லக் காயப் போட்டிருந்தாங்க, டிரைவர் ஒரு வார்த்தை திட்டாம ஒதுங்கி ஓட்டுனார். அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

தரங்கம்பாடில எறங்குனதும் வெயில் சுள்ளுன்னு ஏறிடுச்சு, கடல் காத்து உப்பு. மணல்ல நடக்கறப்ப அத்தையோட செருப்பு வார் அறுந்து போச்சு. மீன் கூடையோட போயிக்கிட்டிருந்த ஒரு அம்மா நின்னு, "எந்த ஊரு தாயி?"ன்னு கேட்டு, தன் தலைச் சும்மாட்டுத் துணியோட ஓரத்தக் கிழிச்சு அந்த வாரைக் கட்டி விட்டாங்க. காசு நீட்டுனா வாங்கல. "வர்றப்ப நம்ம வீட்டு மீனு வாங்கிட்டுப் போ"ன்னுட்டுப் போயிட்டாங்க, வீடு எங்கன்னு கேக்கறதுக்குள்ள ஆளக் காணோம்.

டேனிஷ் கோட்டை, 1620ல கட்டுனது, கடலப் பாத்து நிக்குது. டிக்கெட் கைல இருந்த சில்லறைலயே முடிஞ்சுது. உள்ள பீங்கான், காசு, வாள், மரச்சாமான் எல்லாம் வச்சிருக்காங்க. எனக்கு மனசுல நின்னது அங்க இல்லாத ஒரு பொருள். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியானுக்கு தமிழ்ல ஒரு கடிதம் அனுப்புனார், தங்கத் தகட்டுல பொறிச்சது, அது இன்னைக்கும் கோபன்ஹேகன்ல தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. நாம காகிதத்துல எழுதிக் கிழிச்சுப் போட்டதெல்லாம் போச்சு, அனுப்பி வச்சது பத்திரமா இருக்கு. அத்தை கோட்டை மதில்ல ஒக்காந்து இத கேட்டுட்டு ரொம்ப நேரம் கடலயே பாத்தாங்க.

அடுத்து சீகன்பால்கு இருந்த வீடு, இப்ப மியூசியம். 1706 ஜூலைல கப்பல்ல வந்து எறங்குன ஜெர்மன் பாதிரியார், வந்ததும் மணல்ல பசங்களோட ஒக்காந்து தமிழ் எழுத்துக் கத்துக்கிட்டவர்னு சொல்வாங்க. ரெண்டு வருசத்துல, 1708லயே, தான் சேத்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் போட்டுட்டார். எந்த ஏடு எங்க கெடச்சுது, உள்ள என்ன இருக்குன்னு குறிப்போட. நூலகப் பட்டியல்னா இப்பவும் நமக்கெல்லாம் சலிப்பான வேல. ஆனா அப்ப தரங்கம்பாடி சுத்துவட்டாரத்துல தமிழ்க்காரங்க என்ன படிச்சாங்கன்னு இன்னைக்கு நாம தெரிஞ்சுக்க அந்த ஒரு பட்டியல்தான் ஜன்னல். அச்சு இயந்திரம் வந்து புதிய ஏற்பாட்ட தமிழ்ல 1714, 1715ல அடிச்சாங்க, காகிதம் பத்தலன்னு பக்கத்துல பொறையாறுல காகித ஆலையே போட்டாங்க.

இன்னொரு சேதி அத்தையத் தூக்கிட்டுப் போச்சு. 1712லேர்ந்து 1714 வரைக்கும் சீகன்பால்கும் கூட இருந்தவரும் ஊர்ல படிச்ச தமிழ்க்காரங்களுக்குக் கேள்வி எழுதி அனுப்பியிருக்காங்க. உங்க கல்யாணம் எப்படி, சாமி எப்படி, வைத்தியம் எப்படி, எங்களப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு. வந்த பதிலயெல்லாம் ஜெர்மன்ல மாத்தி ஹாலேன்னு அவங்க ஊருக்கு அனுப்பி, அங்க அச்சாயிருக்கு. அத்தை கேட்டாங்க: "பதில் எழுதுனவங்க பேரு இருக்குதா?" பெரும்பாலும் இல்லத்தேன்னு சொன்னேன். "அதெப்படி, கேட்டவங்க பேரு மட்டும் சுவத்துல இருக்குது?" எனக்கு பதில் வரல. இது வரைக்கும் நான் படிச்ச எந்தக் கட்டுரைலயும் இந்தக் கேள்விய இவ்வளவு நேரா யாரும் கேட்டு நான் பாக்கல.

1845ல டேனிஷ்காரங்க இந்த ஊரையும் வங்காளத்துல சேரம்பூரையும் சேத்து பன்னெண்டரை லட்ச ரூவாய்க்கு இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போயிட்டாங்க. ஊர வித்தாங்க, கணக்குப் புத்தகத்த கொண்டு போயிட்டாங்க.

மத்தியானச் சாப்பாடு ஒரு ஓலைக்கூரை மெஸ்ல, 120 ரூவா, கூட ரெண்டு சங்கரா மீன் வறுத்தது தனியா 100. மொளகு தூக்கலா, எண்ணெ கம்மியா, அத்தை எலையில ஒரு முள்ளு மட்டும்தான் மிச்சம். பொறையாறு வரைக்கும் டவுன் பஸ், மகளிர் இலவசம், பிங்க் டிக்கெட்ட அத்தை புக்குக்குள்ள வச்சுக்கிட்டாங்க. ராத்திரி மாயவரத்துல தங்கல். கொசு.

ஜனவரி 23, வியாழன் – மாயவரத்துலேர்ந்து தஞ்சாவூர்

காலை ரயில் போயிடுச்சு. நான் பாத்து வச்ச நேரம் பழைய நேரம், பிளாட்பாரத்துக்கு வந்தப்ப கடைசிப் பெட்டிதான் தெரிஞ்சுது. சரின்னு பஸ். நடுவுல கும்பகோணத்துல எறங்கி டிகிரி காபி, இட்லிக்கு கடப்பா. பாசிப்பருப்பும் உருளக்கெழங்கும் போட்டு சோம்பு வாசத்தோட செய்யிற அந்தக் குழம்பு எங்க பக்கம் கெடையாது, அத்தை கரண்டிக்கரண்டியா ஊத்திக்கிட்டு, கடைக்காரர்கிட்ட தேங்கா எப்ப அரைச்சு விடறீங்கன்னு கேட்டு, அவரும் அடுப்புகிட்ட நின்னவரக் கூப்ட்டு விளக்கச் சொன்னார். பசும்பாலுக்கும் பாக்கெட் பாலுக்கும் காபில என்ன வித்தியாசம்னு தனியா ஒரு பாடம்.

இன்னைக்கு ஒரு கசப்பும் இருக்கு, எழுதாம விட மனசு வரல. இந்தப் பயணத்துல ஒரு ஊர்ல, எந்த ஊர் எந்த எடம்னு சொல்லப் போறதில்ல, பழைய ஆவணம் வச்சிருக்கிற ஒரு ஆபீஸ் வாசல்ல எங்கள நிறுத்திட்டாங்க. உள்ள இருக்கிற ஏட்ட எடுத்துக் குடுங்கன்னு நாங்க கேக்கல, வாசிக்கிற கூடத்த ஒரு தடவ எட்டிப் பாக்கணும்னுதான் கேட்டோம். மேசைல இருந்தவர் அத்தையோட சேலையயும் துணி பையையும் மேலயும் கீழயும் பாத்துட்டு, "இது ஆராய்ச்சி பண்றவங்களுக்கு, உங்களுக்கு இங்க என்ன இருக்கு?"ன்னார். கட்டுப்பாடு இருக்கணும், நான் அத மறுக்கல. ஓலை கையோட வியர்வ பட்டாலே கெட்டுப்போற பொருள். ஆனா அந்தக் கேள்வி இருக்கே. உங்களுக்கு இங்க என்ன இருக்குன்னா? நெலப் பத்திரம், வரிக் கணக்கு, பஞ்சாயத்துத் தீர்ப்பு, பஞ்சத்துல செத்தவங்க கணக்கு, எல்லாம் யாரப் பத்தினது, அத்தையோட பாட்டன் பூட்டன பத்தினதுதானே. வரி கட்டுனவங்களோட பேரனுக்கும் பேத்திக்கும் ரசீத ஒரு தடவ பாக்கற உரிமை கூட இல்லையா. அத்தை ஒண்ணும் பேசல, "போலாம் வா கண்ணு"ன்னாங்க. ரோட்டுக்கு வந்ததுக்கப்புறம் எனக்குத்தான் கண்ணு கலங்கிடுச்சு.

சாயங்காலம் தஞ்சாவூர் பெரிய கோயில். ஜனங்க வெயில் தாழ புல்தரைல ஒக்காந்திருக்க, நாங்க தென்மேற்கு மூலைக்குப் போனோம். ராஜராஜன் கல்வெட்டு எல்லாருக்கும் தெரியும். இந்தப் பக்கச் சுவத்துல 1803ல தஞ்சாவூர் மராட்டிய ராஜா ரெண்டாம் சரபோஜி தன் போன்ஸ்லே குடும்பத்துக் கதைய மராத்தில வெட்டி வச்சிருக்கார், சுவர் நீளத்துக்குப் போகுது. எழுத்து தேவநாகரி, எங்க ரெண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது. பக்கத்துல புனேலேர்ந்து வந்த ஒரு குடும்பம், அந்தப் பெரியவர் கண்ணாடியத் தொடச்சிக்கிட்டு வெரல் படாம காத்துல கோடு இழுத்து வாசிக்க, அவர் பேத்தி இங்கிலீஷ்ல எங்களுக்குச் சொல்ல, நான் தமிழ்ல அத்தைக்குச் சொல்ல, அரை மணி நேரம் அப்படியே போச்சு. கெளம்பறப்ப அவர் அத்தையப் பாத்து ரெண்டு கையயும் கூப்பினார். காலைல பட்ட காயத்துக்கு அது மருந்து.

ராத்திரி அசோகா அல்வா, நூறு கிராம் 40 ரூவா, எலையில. பாசிப்பருப்புல இவ்வளவு நெய் ஏத்த முடியுமான்னு அத்தை அசந்துட்டாங்க.

ஜனவரி 24, வெள்ளி – சரஸ்வதி மகால்

இதுக்காகத்தான் நான் வந்தேன். அரண்மனை வளாகத்துக்குள்ள, நாயக்கர் காலத்துலேர்ந்து சேந்து சேந்து, ரெண்டாம் சரபோஜி கைல பெருசா வளந்த நூலகம். அவர் ஆண்டது 1798லேர்ந்து 1832 வரைக்கும். சின்ன வயசுல அவர வளத்துப் படிக்க வச்சது சுவார்ட்ஸ் பாதிரியார், அவரும் தரங்கம்பாடிக்கு வந்து எறங்குனவர்தான், அதனால முந்தாநாள் பாத்த ஊரும் இன்னைக்குப் பாக்கற ஊரும் ஒரே கயித்துல முடிஞ்சிருக்கு. காசிக்கு யாத்திரை போனப்பகூட சுவடி தேடிக் கொண்டாந்தவர். ராஜ்யம் 1855ல போச்சு, குடும்பத்துக்காரங்க 1918ல நூலகத்த பொதுமக்களுக்குக் குடுத்துட்டாங்க. இப்ப 49 ஆயிரம் சுவடி கிட்ட இருக்குங்கறாங்க.

பொதுமக்கள் போறதுக்குன்னு தனியா மியூசியம் மாதிரி ஒரு கூடம் வச்சிருக்காங்க, போட்டோ எடுக்கக் கூடாது, அதனால எல்லாரும் நெசமாவே பாக்கறாங்க. மனுச மூஞ்சியயும் மிருக மூஞ்சியயும் பக்கத்துல பக்கத்துல வச்சு வரைஞ்ச பிரெஞ்சுப் படங்க, சரபோஜி கையெழுத்து போட்ட இங்கிலீஷ் புத்தகங்க, யானை சாஸ்திரம். ஒரு ஸ்கூல் கும்பல் வந்துச்சு, டீச்சர் "தொடாத தொடாத"ன்னு கத்திக்கிட்டே இருக்க, ஒரு குட்டிப் பையன் ஆந்தை மூஞ்சி மனுசன் படத்துக்கு முன்னாடி நின்னு தன் மூஞ்சிய அப்படியே ஆக்கிக் காட்டுனான். 

அரண்மனைல தன்வந்திரி மகால்னு வைத்திய ஆராய்ச்சிக்கு ஒரு எடம் இருந்துருக்கு. கண் நோயாளிங்களுக்கு என்ன வைத்தியம் பாத்தாங்கன்னு குறிப்பு, கூடவே அந்தக் கண்ணோட படம். 

அத்தை ஒரு அலமாரிகிட்ட நின்னுட்டாங்க. மூக்க உறிஞ்சி உறிஞ்சிப் பாக்கறாங்க. அப்புறம் மெல்ல, "இங்க யாரோ வசம்பு வச்சிருக்காங்க"ன்னாங்க. அங்க இருந்த வயசான ஊழியர் திரும்பிப் பாத்து சிரிச்சார். "வாங்கம்மா, கரெக்டா சொல்லிட்டீங்க"ன்னு சொல்லி, ஒரு சின்னத் துணிமுடிச்ச எடுத்து வந்து அத்தை உள்ளங்கைல வச்சார். வெள்ளத் துணி, ஓரம் பழுப்பேறியிருக்கு, நெல்லிக்காய் அளவு. உள்ள வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மொளகு, கிராம்பு எல்லாம் பொடிச்சு, கற்பூரம் சேத்துக் கட்டியிருக்கு. இத ஏட்டுக்கட்டுங்களுக்கு நடுவுல வச்சா பூச்சி அண்டாதாம், வாசம் போனா மாத்திடுவாங்களாம். கெமிக்கல் வர்றதுக்கு முன்னாடிலேர்ந்து இங்க இதான் வழக்கம்னார். 

அத்தை அத மூக்குகிட்ட கொண்டு போயி கண்ண மூடிக்கிட்டாங்க. எங்க பக்கம் வசம்ப ராத்திரில பேர் சொல்லிக் கேக்க மாட்டாங்க, பேர் சொல்லாததும்பாங்க, பிள்ளை வளப்பான்னும்பாங்க. வெளக்குல சுட்டுக் கரியாக்கி, ஒரசி, கொழந்தைக்கு நாக்குல தடவுவாங்க, கைல வளையலா கட்டுவாங்க. அத்தை சொன்னாங்க: "தொட்டில் துணி வாசம் இது. ஏட்டையும் புள்ளையாட்டமே வளத்திருக்கீங்க." அந்த ஊழியர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ஓலைக்கு எண்ணெ தடவறது, மை பூசி எழுத்து எடுக்கறது எல்லாம் கையால சைகை பண்ணிப் பண்ணிக் காட்டுனார். அவர் வேலை நேரத்துல இருபது நிமிசம் எங்களுக்குன்னு நின்னார். நேத்து ஒரு வாசல்ல கேட்ட கேள்விக்கு இவர் பதில் சொல்லிட்டார்னு எனக்குத் தோணுச்சு.

புத்தகக் கடை. நூலகமே அச்சுப் போட்டு விக்கிற புத்தகங்க, வெல கம்மி, வைத்தியம், சோதிடம், நாட்டியம், சங்கீதம், சமையல். ஆமா, சமையல்! 'சரபேந்திர பாகசாஸ்திரம்'னு மராத்திச் சுவடி, அரண்மனை மடப்பள்ளிக் குறிப்பு, இங்கிலீஷ் சமையல், பிராமணச் சமையல், மராட்டியர் சமையல்னு மூணு பிரிவா இருக்குமாம். சாம்பார் தஞ்சாவூர் அரண்மனைல சம்பாஜி பேரால பொறந்துச்சுன்னு ஒரு கதை இருக்கே, ஹோட்டல் மெனு கார்டுலேர்ந்து டிவி வரைக்கும் ஓடுது. அதுக்கு உறுதியான சான்று ஒண்ணும் இல்ல. ஆனா ஜனங்க சாம்பார் கதையக் கேட்டுட்டு இங்க வர்றாங்க, வந்தா நெசமான சமையல் ஏடு ஒண்ணு இருக்கு. அதனால அந்தக் கதை மேல எனக்குக் கோவம் வரல. கதைய நம்புறவங்க கைல நெசத்தக் குடுக்க ஆள் இருக்கணும், அவ்வளவுதான் வேணும். 

வெளிய டீக்கடைல (டீ 15) ஒரு தம்பி, தமிழ்ப் பல்கலைக்கழகத்துல படிக்கிறவர், மேசைல ஒரு ஜெராக்ஸ விரிச்சு வச்சு தலையப் பிச்சுக்கிட்டிருந்தார். மோடி எழுத்து, மராத்திய வேகமா எழுதறதுக்கு இருந்த பழைய எழுத்து. மராட்டியர் அரண்மனைக் கணக்கெல்லாம் அதுலதான் கட்டுக்கட்டா இருக்கு. அத்தை பக்கத்துல போயி, "என்ன சாமி இது, கோலமா?"ன்னு கேட்டாங்க. அவர் எடம் விட்டு ஒக்கார வச்சுக் காட்டுனார். மொதல்ல காகிதம் பூரா குறுக்க ஒரு கோடு போட்டுருவாங்களாம், அப்புறம் எழுத்து ஒவ்வொண்ணும் அதுல துணி காயப்போட்ட மாதிரி தொங்கணும். பேனாவ எடுக்கவே மாட்டாங்க, வேகமா எழுதணும்ல, ஒரு வார்த்தை எங்க முடியுது அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. ஒரு பக்கம் படிக்க அவருக்கு ரெண்டு நாள் ஆகுதாம். அந்தப் பக்கத்துல என்ன இருக்குன்னா, சத்திரத்துக்கு அரிசி, வெளக்குக்கு எண்ணெ, வேலைக்காரங்க சம்பளம். அத்தை அரிசி அளவக் கேட்டு, அப்ப எத்தன பேருக்கு ஆக்கியிருப்பாங்கன்னு மனக்கணக்குப் போட்டாங்க. தம்பி அந்தக் கணக்க ஜெராக்ஸ் ஓரத்துல பென்சில்ல குறிச்சுக்கிட்டார், நான் பாத்தேன்.

அவர்தான் தேவேந்திர குறவஞ்சி பத்தியும் சொன்னார். சரபோஜி மராத்தில எழுதுன நாடகம், அதுல குறத்தி ஊர் ஊரா சொல்ற வழக்கமான மலைவளத்துக்குப் பதிலா உலக பூகோளத்தையே பாட்டா பாடுறா, கண்டம், நாடு, நதின்னு. இருநூறு வருசத்துக்கு முன்னால ஐரோப்பாவும் அமெரிக்காவும் குறத்தி வாய்ல! இந்தக் காலத்துக்கு யாராச்சும் அத மேடைல போடணும், பள்ளிக்கூடப் பசங்கள வச்சே போடலாம். சீரியஸா சொல்றேன், நாடகம் போடறவங்க யாராவது இதப் படிச்சா ஒரு தடவ யோசிங்க.

ஜனவரி 25, சனி – வீடு

திருச்சி, கரூர், தாராபுரம். கரூர் பஸ் ஸ்டாண்டுல நல்ல கூட்டம், கைக்கொழந்தையோட இருந்த ஒரு பொண்ணு அத்தைக்கு எடம் குடுத்து மடியக் காட்டி, "பையன புடிச்சுக்கறீங்களா?"ன்னு கொழந்தைய ஒப்படைச்சுட்டு தூங்கிட்டா. எனக்கு முந்தாநாள்லேர்ந்தே தொண்ட கட்டியிருந்துச்சு, ஒடம்பு கணகணங்குது. தாராபுரத்துல அத்தை நாட்டு மருந்துக் கடைல வசம்பும் கருஞ்சீரகமும் கிராம்பும் வாங்குனாங்க, மொத்தம் 85 ரூவா. எனக்குக் கஷாயத்துக்குன்னு நெனச்சேன்.

வீட்டுக்கு வந்து கால் கழுவுன கையோட கட்டிலுக்கடில இருந்த தகரப்பொட்டிய இழுத்தாங்க. பத்திரம், பட்டா, பழைய கல்யாணப் பத்திரிகை, கீழ அய்யனோட நோட்டு. அத்தையோட அப்பா, என் தாத்தா. பதினோரு நோட்டு. நான் கணக்கு நோட்டுன்னுதான் இத்தன வருசமா நெனச்சிருக்கேன், ஒரு தடவகூட பிரிச்சதில்ல. அத்தை ஒண்ண எடுத்து குடுத்தாங்க. ஓரம் பூச்சி அரிச்சு வலைமாதிரி ஆயிருக்கு. தை 12, திங்கள். பருத்தி விதை எவ்வளவு, ஆள் கூலி எவ்வளவு. அதுக்குக் கீழயே: கெணத்துல தண்ணி நாலு முழம் எறங்கிடுச்சு. மூத்ததுக்குக் காய்ச்சல், ராத்திரி தூங்கல. அந்த மூத்தது அத்தை.

நான் வாசிக்க வாசிக்க அத்தை அம்மில வசம்பப் பொடிச்சுக்கிட்டிருந்தாங்க. பழைய வேட்டி ஒண்ணக் கிழிச்சு பதினோரு துண்டு போட்டு வச்சிருந்தாங்க. "அந்த அரிச்ச நோட்ட மொதல்ல போட்டோ புடி கண்ணு, அப்புறம் கட்டி வெக்கலாம்"ன்னாங்க.